செங்கல் தூளுக்குள் ஒரு சிமென்ட்

பெங்களூரின் ஈஜிபுரா பகுதிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி எச்.ஏ.எல். விமான ஆலை. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் பங்கோடு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முற்றியதும் அமெரிக்க வான்படையின் விமானங்கள் அங்கே பழுதுபார்க்கப்பட்டன. ஓடுதளம், கொட்டகை, முகாம் என்று எங்கு பார்த்தாலும் படைக்குச் சிமென்ட் தேவைப்பட்டது. நாட்டின் உற்பத்தியில் பெரும்பகுதி அதற்கே போக, வீடு கட்டுபவர்கள் பெர்மிட்டுக்குக் காத்திருந்தார்கள். போர் முடிந்தும் கட்டுப்பாடு முழுதாக விலகவில்லை. 1982-இல் பாதி தளர்ந்து, 1989-இல்தான் அறவே நீங்கியது.

சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் ஏன் இந்தத் தட்டுப்பாடு? சூளையின் வெப்பத்தைப் பாருங்கள். சிமென்டாக அரைபடும் கிளிங்கர் கட்டிகள் உருவாக ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூட்டுக்கு நிலக்கரி, அதைச் சுமக்க ரயில் வேகன். போர்க்காலத்தில் இரண்டுமே கிடைப்பது அரிது.

வெறும் சுண்ணாம்பை நீற்ற 900 டிகிரி போதும். ஆனால் நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. அதோடு செங்கல் தூளை, அதாவது சுர்க்கியைக் கலந்தால் கதையே வேறு. களிமண்ணை 700, 800 டிகிரியில் சுடும்போது அதன் படிக அடுக்குகள் குலைந்து, சிலிக்காவும் அலுமினாவும் வினைபுரியத் தயாராகின்றன. ஈரத்தில் அவை சுண்ணாம்போடு சேர்ந்து, சிமென்டுக்கு உறுதி தரும் அதே வகைச் சேர்மத்தைத் தருகின்றன. அதிகம் சுட்டால் களிமண் மீண்டும் இறுகிய அமைப்புக்குப் போய் அந்த ஆற்றலை இழந்துவிடும். சுவருக்கு ஆகாதென்று ஒதுக்கிய அரைவேக்காட்டுச் செங்கல் சுர்க்கிக்கு உகந்ததாக இருப்பது இதனால்தான். எனக்கு இது இன்னும் வியப்புத் தீராத விஷயம். 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் கற்களைப் பிணைப்பது இந்தச் சுண்ணாம்புச் சுர்க்கிக் காரைதான்.

இன்று தட்டுப்பாடு வேறு வடிவில் வந்திருக்கிறது; இப்போது குறைக்க வேண்டியது கரியமில வாயுவை. சுண்ணாம்புக் கல் சிதையும்போதே கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. சென்னை ஐ.ஐ.டி.யும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து உழைத்த எல்.சி.3 சிமென்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் பெரும்பங்கு சுட்ட களிமண். கூடவே அரைத்த சுண்ணாம்புக் கல்லும் கொஞ்சம் ஜிப்சமும். உயர்தரப் பீங்கான் மண் தேவையில்லை. மண்ணில் கயோலினைட் என்ற களிமண் கனிமம் 40 சதவீதம் இருந்தால் போதும். பீங்கானுக்கு உதவாதென்று சுரங்க ஓரத்தில் கொட்டிவைத்த மண்ணும் ஆகும்.