பாலையிலிருந்து வந்தவனுக்கு ஏரி காட்டினேன்

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் தை மாதம் விடுப்பில் ஆவடிக்கு வந்திருந்தான். வந்த மூன்றாம் நாளே வீட்டுக்குள் அடைந்து கிடப்பது அலுத்துவிட்டது. "சுத்திப் பாக்க இந்தப் பக்கம் என்ன மாமா இருக்கு? பீச்சுக்குப் போகணும்னாலே பாதி நாள் டிராபிக்ல போயிடுது" என்றான். சொல்லிக்கொண்டே போனை நீட்டினான். பாலைவன சஃபாரி போன படங்கள்.

மதியம் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளுமாம். மணல்மேடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சக்கரம் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைப்பார்களாம். பிறகு மேடும் பள்ளமுமாக ஒரு குலுக்கு. சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குப் போனால் ஒட்டகச் சவாரி, மருதாணி, பாவாடையை விரித்துச் சுழன்றாடும் தனூரா நடனம், தரையில் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்து சுட்ட இறைச்சியும் ரொட்டியும். இதற்கு ஊர் ஊராக வந்து காசு கொடுக்கிறார்கள்.

அதைவிட அவன் ஆசையாகக் காட்டியது இன்னொரு படம். துபாய்க்கு வெளியே அல் குத்ரா என்ற இடம். மணலுக்கு நடுவே மனிதர்கள் வெட்டிய ஏரிகள். கரையில் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள், தண்ணீரில் பூநாரை நிற்கிறது. "லீவு விட்டா இங்கதான் மாமா. தண்ணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்போம்" என்றான்.

வெட்டிய ஏரியைப் பார்க்க மணலைக் கடந்து போகிறவன், ஏரிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், அயனம்பாக்கம், விளிஞ்சியம்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று பேருந்து நடத்துனர் கூவும் ஊர்ப் பெயர் ஒவ்வொன்றோடும் ஓர் ஏரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஒரு மதியமும் ஒரு ராத்திரியும் எனக்குக் கொடுடா, நம்ம ஊரைக் காட்டறேன்" என்று பைக்கை எடுத்தேன்.

மாலை 4.30: செம்பரம்பாக்கம்

பூந்தமல்லியைத் தாண்டிக் குன்றத்தூர் பக்கம் திரும்பினால் காற்று மாறுவது தெரியும். கரைமேல் நின்றால் மறுகரை மங்கலாகத்தான் தெரிகிறது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு ஆழம் 24 அடி. கொக்கும் நீர்க்காகமும் அதிகம். நீரில் இறங்குவது ஆபத்து. குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடக் கூடாது. கரையோரம் உட்கார்ந்து பார்ப்பதுதான் இங்கே பொழுதுபோக்கு, அதற்குக் கட்டணமும் இல்லை.

ஏரி மீனின் ருசி தெரிந்தவர்களுக்கு இந்தச் சாலை கோயில் மாதிரி. கட்லா, ஜிலேபி, அகப்பட்டால் விரால். மசாலா தடவிய ஜிலேபித் துண்டுகள் கல்லில் ஓரம் முறுகி வரும்போது, வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து இலையில் தருவார்கள். இரண்டு துண்டு தின்றுவிட்டு அவன் பேசாமல் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். பிறகு கேட்டான்: "இது வத்திப்போச்சுன்னு ஒரு வருஷம் டிவில காட்டினாங்களே மாமா, அதே ஏரியா இது?"

இதே ஏரிதான். 2019 கோடையில் இதன் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தியதும் அந்த ஜூன் மாதத்தில்தான். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அம்பத்தூர்க்காரர்கள் தினமும் மின்சார ரயிலில் கடக்கிற அதே வில்லிவாக்கம். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2015 டிசம்பர் 1 இரவு, இதே ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை முழுதும் மிதந்தது. நிரம்பி வழிந்ததையும் வெடித்துக் கிடந்ததையும் ஐந்தாண்டுக்குள் ஒரே ஏரியில் பார்த்துவிட்டோம்.

ஒரு மழைக்காலம் ஏமாற்றினால் இங்கேயும் பாலைவனம் வந்துவிடும். அன்று மாலை முழுக்க இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மாலை 6: பருத்திப்பட்டு

திரும்பும் வழியில் கோயில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு நாள் போதாது. மாங்காட்டில் காமாட்சி, திருவேற்காட்டில் கருமாரி, திருமழிசையில் ஆழ்வார் பிறந்த தலம், திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிக்கொண்டதாகச் சொல்லப்படும் முல்லைக்கொடியின் கதை, திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார். நாங்கள் அன்று நேராக ஆவடிக்கு வந்துவிட்டோம்.

பருத்திப்பட்டு ஏரி ஏறத்தாழ 87 ஏக்கர். 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நடைபாதை, படகு, சிறுவர் விளையாட்டிடம், உட்கார இருக்கைகள். அந்தி நேரத்தில் நடைபாதையில் ஒரு ஆவடியே நடக்கிறது: தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், பட்டாளத்துக் குடும்பங்கள், கைவண்டியில் குழந்தையைத் தள்ளும் இளம் தம்பதிகள். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கினால் பத்து போன் எழும்புகிறது. அக்கா மகனுக்கு இடம் பிடித்துவிட்டது. "அல் குத்ரா மாதிரியே இருக்கு மாமா" என்றான்.

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு நெருடியது. அங்கே ஏரி என்பது பார்ப்பதற்காக உண்டாக்கியது. நம்முடையது குடிப்பதற்கும் விளைவிப்பதற்கும் வெள்ளத்தைத் தாங்குவதற்கும் முன்னோர் கட்டியது. அழகு அதோடு சேர்ந்து வந்தது. மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு என்று ஓர் ஏரிக்கு இத்தனை உறுப்பு வைத்தார்கள். அவனிடம் கலங்கல் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழிந்தோடுகிற இடம் அதுதான். தெரியவில்லை. நடைபாதையில் வந்த நான்கு பேரைக் கேட்டேன். படகுத்துறையைக் காட்டினார்கள்.

இரவு 8: பசி வரும் நேரம்

மேற்குப் புறநகரின் சாப்பாட்டை யாரும் சரியாக எழுதியதில்லை என்பது என் குறை. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுக தம் பிரியாணி அண்டா திறக்கும் வாசனை. பெங்களூரு போகும் லாரியும் பேருந்தும் நின்று சாப்பிட்டுப் பழகிய சாலை இது; பரோட்டாக் கல்லின் சத்தம் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. ஆவடி ருசியே வேறு. இங்கே டாங்கித் தொழிற்சாலையும் படைப் பிரிவுகளும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதால், சோளா பட்டூராவும் கொத்து பரோட்டாவும் பக்கத்துப் பக்கத்து வண்டியில் விற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒடிசா, பிகார், அசாம் பையன்கள் வேலைக்கு வந்தபின் மோமோவும் முட்டை ரோலும் சேர்ந்துகொண்டன.

இரவு வாழ்க்கை என்றால் மதுக்கூடமும் ஒலிபெருக்கியும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு கோடையில் இந்தப் பக்கம் வர வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா தொடங்கினால் விடிய விடியத் தெருக்கூத்து. கட்டியங்காரன் வந்து நின்றதும் திடலில் தூங்கிய குழந்தைகள் எழுந்து உட்காரும். ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, இரவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. எந்தக் கூடாரத்துக்கும் இது குறைந்ததில்லை. இதில் நுழைவுச்சீட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

மற்ற நாட்களில் இங்கே இரவு என்பது ஷிப்டு. பத்து மணிக்கு இரண்டாம் ஷிப்டு விட்டதும் எஸ்டேட் சாலைகளில் வண்டிக் கடைகள் விளக்கேற்றும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழ்நாட்டில் 2019 முதல் அனுமதி உண்டு. ஆனால் ஷிப்டு முடிந்து வருகிறவனின் பசியை அடக்குவது ஒற்றை ஆள் நடத்தும் கையேந்தி பவன்தான். சூடான இட்லி, கார சட்னி, முட்டைக் கலக்கி, கடைசியில் ஒரு சுக்குக் காபி.

ஏரி போன பின்பும் பெயர் இருக்கும்

இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் மனத்தை அரிப்பதைச் சொல்லாமல் விட முடியாது.

நம் ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் கிடையாது, சங்கிலி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிச்சம் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். பருத்திப்பட்டின் மிச்சம் கூவத்தில் சேர வேண்டும். ஓர் ஏரிக்கு மழைநீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். அந்தக் கால்வாய் குறுகினால், கரையை எத்தனை அழகாகக் கட்டினாலும் உள்ளே வருவது சாக்கடைதான். மேற்கில் பல ஏரிகளில் நடப்பது இது. மழை பெய்யும்போது தெருவில் நிற்கும் நீர் ஏரிக்கு வழி தெரியாமல் வீட்டுக்குள் வருகிறது. ஏரியில் ஆகாயத்தாமரை செழிக்கிறது.

முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்ற பெயரில் ஒரு பெரிய குடியிருப்பே இருக்கிறது. முகவரியில் ஏரி இருக்கிறது. அங்கே வளரும் பிள்ளை ஏரி எங்கே என்று கேட்டால் எந்தப் பக்கம் கை காட்டுவது?

பூங்காவாக்கினால்தான் ஆக்கிரமிப்பு நிற்கும், நாலு பேர் நடமாடும் இடத்தில் குப்பை கொட்ட அஞ்சுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் வேலி, பிறகு நடைபாதை, வண்ண விளக்கு, படகு, நின்று படமெடுக்க ஊர்ப் பெயர் எழுதிய பலகை. வரத்துக் கால்வாயின் முறை வருவதற்குள் ஆர்வம் தீர்ந்துபோகிறது. எட்டிப் பார்க்கவே யாரும் போகாத முட்புதருக்குள் இருப்பதால், கால்வாய் தூர்ந்தால் கேட்க ஆளில்லை.

வளைகுடா நாடுகளுக்கு வேறு வழியில்லை. கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். நாமும் அந்த வழியில் இறங்கிவிட்டோம். 2010-ல் மீஞ்சூர், 2013-ல் நெம்மேலி, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலைகள். தாகத்துக்கு அதுவும் வேண்டும்தான். மழையே காணாத மண்ணின் வழியை, ஐப்பசி கார்த்திகையில் வானம் பிளந்து கொட்டும் மண் முதல் வழியாகப் பிடித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே ஏரிக்கு உலாப் போகும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். படகில் ஏறுங்கள், மீன் சாப்பிடுங்கள். அதற்கு முன் பிள்ளைகளைக் கலங்கல் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று காட்டுங்கள். வழி தெரிந்த பிள்ளைதான் நாளை அதை யாராவது மூடினால் கேள்வி கேட்கும்.

இரவு 11.30: அம்பத்தூர்

கடைசியாக எஸ்டேட் பக்கம் ஓர் இட்லி வண்டியில் நின்றோம். கடைக்கார அக்கா தட்டின்மேல் வாழையிலைத் துண்டை விரித்து இட்லி வைத்தார். "இலை போட்டா தட்டு கழுவ வேணாம் தம்பி. ஒரு சொம்புத் தண்ணி மிச்சம்" என்றார். வண்டிக்கு அடியில் நான்கு நீல நிறக் குடங்கள். இரவு முழுவதற்கும் அவ்வளவுதான். அது தீர்ந்தால் மாவு மிச்சம் இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

சாப்பிட்டபடியே அக்கா மகன் பாலைவனக் கூடாரத்தின் கதையைத் தொடர்ந்தான். பகலில் போனால் அந்த இடத்தில் மணலைத் தவிர ஒன்றும் இருக்காதாம். அடுப்புக் கரியிலிருந்து குடிநீர் வரை எல்லாம் வண்டியில் வந்து இறங்க வேண்டும். "அங்க தண்ணிக்கு லாரிதான் மாமா. லாரி வரலன்னா ராத்திரி சாப்பாடு கிடையாது" என்றான்.

கை கழுவ எழுந்தவனுக்குக் கடைக்கார அக்கா அரைச் சொம்பு அளந்து ஊற்றினார். "கொஞ்சமா செலவு பண்ணு தம்பி. காலையில ஆறு மணிக்குத்தான் லாரி வரும்."

ஈரக் கையோடு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் நின்ற இடத்திலிருந்து அம்பத்தூர் ஏரி பைக்கில் பத்து நிமிஷம்கூட இல்லை.

"இங்கயும் லாரிதானா மாமா?"