ஐரோப்பிய எல்லையில் கணினி ஒன்று, பொறுப்பு வேறு வேறு

"ஐரோப்பாவில் எல்லாம் ஒரே கொம்பியூட்டருக்குள் வந்துவிட்டதாம்" என்று நமது வியாபாரிகள் பலர் பேசிக்கொள்கிறார்கள். இரத்தினக்கல்லோடு ஜேர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போய்வருவோரும், வர்த்தகக் கண்காட்சிகளுக்குப் போவோரும் இதைச் சரியாக விளங்கிக்கொள்வது நல்லது. அந்தப் பேச்சு பாதிதான் உண்மை.

ஷெங்கன் நாடுகள் பல காலமாகத் தனித்தனிப் பதிவுகள் வைத்திருந்தன. 1995 இல் தொடங்கியது தேடப்படுவோர், நுழைவு மறுக்கப்பட்டோர், காணாமற்போன கடவுச்சீட்டுகள் பற்றிய பதிவு. 2003 இல் தஞ்சம் கோருவோரின் விரல் அடையாளப் பதிவு வந்தது. 2011 முதல் விசாப் பதிவு. நாம் விசாவுக்காகக் கொடுக்கும் பத்து விரல்களும் இதில்தான் இருக்கின்றன. கடையில் கடன் கொப்பி வேறு, இருப்புக் கொப்பி வேறு என்று வைத்திருப்பது போலத்தான். ஒன்றில் உள்ளது மற்றதற்குத் தெரியாது. இவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதற்கான சட்டம் 2019 மே மாதம் நிறைவேறியது. அது பகுதி பகுதியாகவே நடைமுறைக்கு வருகிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் 2025 ஒக்டோபர் 12 இல் தொடங்கியது. கடவுச்சீட்டில் ரப்பர் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, உள்ளே போகும் நாளையும் வெளியேறும் நாளையும் கணினி பதிகிறது. முகப்படமும் எடுக்கிறார்கள். 180 நாட்களுக்குள் 90 நாட்கள் என்ற கணக்கை இனி இயந்திரமே போடும். 'முத்திரை மங்கல், அதிகாரி கவனிக்கமாட்டார்' என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. பதிவு மூன்று ஆண்டுகள் இருக்கும். வெளியேறியதற்கான பதிவு இல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகள்.

சரி, இந்தப் பதிவுகளுக்கு யார் பொறுப்பு? எஸ்தோனியாவின் தலைநகர் தலினில் இதற்கென ஓர் ஐரோப்பிய நிறுவனம் இருக்கிறது. இயந்திரங்கள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் இயங்குகின்றன. அவசரத் தேவைக்கான மாற்று நிலையம் ஒஸ்திரியாவில். ஆனால் இந்த நிறுவனம் இயந்திரத்தைப் பராமரிக்கிறதே தவிர, உங்களைப் பற்றி எதையும் தீர்மானிப்பதில்லை. தகவலை உள்ளிடுவது ஒவ்வொரு நாட்டின் அதிகாரிகள். அதன் சரி பிழைக்கும் அந்த நாடே பொறுப்பு. பிரான்ஸ் பதிந்த நுழைவுத் தடையை ஜேர்மனி பார்க்கலாம், அழிக்க முடியாது. இப்படி ஷெங்கனில் 29 நாடுகள். பதிவு ஒரே மாதிரி இருந்தாலும் அலுவலகங்களின் பழக்கம் ஒரே மாதிரி இருக்காது என்பது வியாபாரம் செய்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமது ஆட்களுக்கு இதில் சிக்கல் பெயரில்தான். மொஹமட் இல்லாத பெயர் நம்மில் எத்தனை? அதை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஓ' போட்டு எழுதுகிறார், இன்னொருவர் 'யு' போட்டு எழுதுகிறார். பழைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், புதியதில் பின்னால். பிறந்த திகதி அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருப்பவர்களும் உண்டு. புதிய சட்டத்தின்படி, இரண்டு பதிவுகள் ஒத்துப்போவது போலத் தெரிந்தால் கணினி அவற்றுக்கிடையே மஞ்சள் இணைப்புப் போடும். மஞ்சள் என்றால் குற்றம் அல்ல, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று பொருள். அதைப் பார்ப்பவர் சம்பந்தப்பட்ட நாட்டின் அதிகாரி. இருவரும் வேறு ஆட்கள் என்றால் பச்சை. ஒரே ஆள், வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் உண்டு என்றால் வெள்ளை. நியாயமில்லாமல் இரண்டு அடையாளம் காட்டியவர், பிறர் அடையாளத்தைப் பாவித்தவர் என்று முடிவானால் சிவப்பு. சிவப்பு விழுந்தால், சில பாதுகாப்புக் காரணங்கள் தவிர, உரியவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆகவே பெயரில் எழுத்து மாறியவர்கள் பழைய கடவுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இரண்டையும் காட்டி, மாற்றத்தை எழுதிக் கொடுங்கள். பிழையான இணைப்பு விழுந்தால் திருத்தம் கேட்டு ஷெங்கன் நாடு எதற்கும் எழுதலாம். 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அவர்கள் மேலும் 15 நாட்கள் எடுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையிடமும் முறையிடலாம். 'பதிவை நான் அழித்துத் தருகிறேன் நானா' என்று முகவர் யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். கொழும்பில் எந்த முகவருக்கும் அந்தப் பதிவில் கைவைக்க வழியில்லை.