அஸ்மாராவின் சுவர்களும் அவற்றைக் கட்டிய கைகளும்

எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாரா, செங்கடல் கரையிலுள்ள மஸாவா துறைமுகத்துக்கு மேற்கே, கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஒரு பீடபூமியின் விளிம்பை ஒட்டி அமைந்த நகரம். அதன் மையப் பகுதியில் பெரும்பாலும் 1935க்கும் 1941க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் எழுந்த வீடுகள், திரையரங்குகள், கடைகள், பெட்ரோல் நிலையங்கள், அலுவலகங்கள் ஆகியவை பெரிதும் சிதையாமல் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவான நவீனத்துவக் கட்டடக்கலையைத் தெருவில் நடந்தபடியே படித்துக்கொள்ளக்கூடிய மிகச் சில இடங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. 2017 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு இதை 'ஒரு நவீனத்துவ ஆப்பிரிக்க நகரம்' என்று குறிப்பிட்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது; எரித்திரியாவிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் இதுவே. எனினும், அழகிய முகப்புகளைப் பார்த்த அளவில் திரும்பிவிடும் பயணி அஸ்மாராவின் பாதியைத்தான் பார்த்தவராவார். ஒரு கட்டடத்தை வரைந்தவர் யார், கட்டியவர் யார், கட்டி முடித்தபின் அதற்குள் நுழைய யாருக்கு அனுமதி இருந்தது என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்நகரம் பிடிபடும்.

நவீனத்துவக் கட்டடக்கலை எனப்படுவது, முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஐரோப்பாவில் வலுப்பெற்ற ஓர் இயக்கம். பழைய அரண்மனைகளையும் ஆலயங்களையும் பார்த்து அவற்றின் தூண்களையும் வளைவுகளையும் செதுக்கு வேலைகளையும் புதிய கட்டடங்களில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை அது மறுத்தது. இரும்பு, கண்ணாடி, கம்பி கட்டிய கான்கிரீட் ஆகிய புதிய பொருள்களின் இயல்புக்கும் கட்டடத்தின் பயனுக்கும் ஏற்றபடியே வடிவம் அமைய வேண்டும் என்று வாதிட்டது. மிலான் நகரில் 1926இல் இளம் கட்டடக் கலைஞர்கள் எழுவர் ஒன்றுகூடி அறிக்கை வெளியிட்டதோடு இத்தாலியில் இந்த இயக்கம் தனி உருவம் பெற்றது. இத்தாலியர் அதை ராசியோனலிசம், அதாவது அறிவுவழிக் கட்டடக்கலை, என்று அழைத்தனர். அதற்கு முன்பே, 1909இல், கவிஞர் மரினெட்டி தொடங்கிவைத்த ஃபியூச்சரிசம் என்னும் எதிர்காலவாதம், வேகத்தையும் இயந்திரத்தையும் விமானத்தையும் போற்றி இத்தாலியக் கலைஞர்களின் கற்பனையைப் பற்றியிருந்தது. இவ்விரண்டும் வந்து கலந்த இடம் அஸ்மாரா.

அந்தக் கலப்புக்கு வழி திறந்தது காலனி ஆதிக்கம். நான்கு சிற்றூர்கள் சேர்ந்து உருவானதாக மரபு சொல்லும் அஸ்மாராவை இத்தாலியப் படை 1889இல் கைப்பற்றியது. வெயிலும் புழுக்கமும் மிகுந்த மஸாவாவை விட்டுக் காலனியின் தலைமையிடம் சில ஆண்டுகளில் குளிர்ந்த மேட்டு நிலத்துக்கு ஏறியது. மஸாவாவிலிருந்து செங்குத்தான மலைச்சரிவில் சுரங்கங்களும் பாலங்களுமாக ஏறிவந்த குறும்பாதை ரயில் 1911இல் அஸ்மாராவை அடைந்தபின் நகரம் சீராக வளர்ந்தது. ஆனால் அதை அடியோடு மாற்றியது 1935 அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியாமீது தொடுத்த போர். படையெடுப்பின் பின்தளமாக மாறிய அஸ்மாராவுக்குப் படைவீரர்கள், பொறியாளர்கள், ஓட்டுநர்கள், தொழிலாளர்கள், வணிகர்கள் என இத்தாலியர் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினர். அவர்கள் தங்கவும் உண்ணவும் படம் பார்க்கவும் வண்டி பழுதுபார்க்கவும் வேண்டிய அனைத்தையும் அவசர அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. தாய்நாட்டின் பழைய நகரங்களில் எளிதில் கிட்டாத காலிமனையும் துணிந்து பரிசோதனை செய்யும் வாய்ப்பும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு இங்கே ஒருசேரக் கிடைத்தன. அந்த வாய்ப்பு பிறர் நிலத்தைப் பறித்ததால் கிடைத்தது என்பதை அஸ்மாராவின் அழகைப் பேசும் எந்த எழுத்தும் மறைக்கக் கூடாது.

நகரத்தின் மிகப் புகழ்பெற்ற கட்டடம் ஒரு பெட்ரோல் நிலையம். செமத்தாத் அவென்யூவில் சாலைகள் கூடும் ஒரு முனையில் நிற்கும் ஃபியட் டாலியேரோ, 1938இல் ஜூசெப்பே பெட்டாட்ஸி என்னும் பொறியாளரின் வடிவமைப்பில் கட்டி முடிக்கப்பட்டது. நடுவில் விமானி அறையை நினைவூட்டும் கண்ணாடி பதித்த கோபுரம். அதன் இருபுறமும் பக்கத்துக்குச் சுமார் 15 மீட்டர் நீளத்தில், கீழே ஒரு தூண்கூட இல்லாமல், காற்றில் நீண்டு நிற்கும் இரண்டு கான்கிரீட் இறக்கைகள். இத்தகைய அமைப்பைக் கட்டுமானத் துறையில் கான்டிலீவர் என்பர்: ஒரு முனை மட்டும் உறுதியாகப் பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் விட்டமோ தளமோ அது. வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக் கட்டும் சன்ஷேடும் இதே விதியில்தான் நிற்கிறது; ஆனால் இரண்டடி நீளும் சன்ஷேடுக்கும் 15 மீட்டர் நீளும் இறக்கைக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. நீளம் கூடக் கூட, இறக்கை தன் எடையாலேயே வேர்ப்பகுதியில் ஒடிந்து விழப் பார்க்கும். மேற்பரப்பு இழுபடும், அடிப்பரப்பு நசுங்கும். நசுங்குவதைத் தாங்கவல்ல கான்கிரீட், இழுவையைத் தாங்காமல் விரிசல் விடும் என்பதால், இழுபடும் மேற்புறத்தில் இரும்புக் கம்பிகளைச் செறிவாகக் கட்டியாக வேண்டும். இரு இறக்கைகளும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக நீளுவதால் ஒன்றன் பாரத்தை மற்றொன்று சமன்செய்து, நடுக்கோபுரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றன.

கணக்குப்படி இது சரியென்றாலும் கண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை போலும். இறக்கைகளின் அடியில் நிரந்தரமாகத் தூண் வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினர் என்றும், கான்கிரீட் இறுகியபின் முட்டுகளைப் பிடுங்க ஒப்பந்தக்காரர் அஞ்சி நின்றபோது பெட்டாட்ஸி துப்பாக்கியைக் காட்டி மிரட்டிப் பிடுங்கவைத்தார் என்றும் அஸ்மாராவில் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, இறக்கைகள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்பது உண்மை. தெருவிலிருந்து பார்க்கையில் அவற்றின் விளிம்பு எதிர்பார்ப்பதைவிட மெலிதாகத் தெரிகிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான், தாங்குவதற்கு எதுவுமே இல்லாத அந்தத் தளத்தின் துணிவு உடலுக்கு உறைக்கும். விமானத்தைப் போல் ஒரு பெட்ரோல் நிலையம் அமைவதில் பயன்சார்ந்த நியாயம் அதிகமில்லை என்று அறிவுவழிக் கட்டடக்கலையினர் குறை சொல்லியிருக்கக்கூடும். வேகத்தின் மீது அந்தத் தலைமுறை கொண்டிருந்த மோகத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கட்டடம் உலகில் அதிகம் இல்லை.

நகரின் முதன்மைத் தெரு இன்று ஹார்னெட் அவென்யூ எனப்படுகிறது. முசோலினியின் பெயரும் பின்னர் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியின் பெயரும் தாங்கிவந்த இத்தெரு, விடுதலைக்குப் பின்னரே அந்த விடுதலையையே பெயராகக் கொண்டது. பனைகள் வரிசையாக நிற்கும் இத்தெருவில், மாரியோ மெஸ்ஸினா வடிவமைத்து 1937இல் திறக்கப்பட்ட சினிமா இம்பெரோ நின்று பார்க்கத் தக்கது. அடர்சிவப்பு முகப்பில் மேலிருந்து கீழாக ஓடும் பட்டைகளில் வட்ட விளக்குகள் அடுக்கடுக்காகப் பதிக்கப்பட்டிருக்க, அரங்கின் பெயர் பெரிய எழுத்துகளில் செங்குத்தாக இறங்குகிறது. வெளியே இயந்திர யுகத்தின் கண்டிப்பான கோடுகள். உள்ளே சிங்கங்களும் மான்களும் பனைமரங்களுமாகச் சுதை வேலைப்பாடு. 1936இல் முசோலினி பறைசாற்றிய பேரரசின் பெருமையைப் பாட எழுந்த கொட்டகை, அந்தப் பேரரசு அதன்பின் ஐந்தாண்டுகூட நிலைக்காமல் போனதையும் கண்டுவிட்டது. இதே ஆண்டுகளில் எழுந்த சினிமா ரோமா, ஓடியோன், கேப்பிட்டல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சிறு மலைநகரம் தன் அளவுக்கு மீறித் திரைப்படத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது புலனாகும்.

நகரத்துக்குள் இடத்தைப் பங்கிட்ட விதம்தான் அதன் இன்னொரு வரலாறு. இத்தாலியப் பொறியாளர் ஓடோவார்டோ காவாஞாரி 1910களில் வகுத்த நகரத் திட்டம், அஸ்மாராவை இன அடிப்படையில் பிரித்தது: தெற்கே ஐரோப்பியருக்கான அகன்ற தெருக்களும் தோட்ட வீடுகளும், நடுவே சந்தையைச் சுற்றிப் பல இன வணிகர்கள் வாழும் கலப்புப் பகுதி, வடக்கே மண்ணின் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, புறத்தே தொழிற்கூடங்கள். 1930களின் பிற்பகுதியில் பாசிச அரசின் இனச் சட்டங்கள் வந்தபோது இந்தப் பிரிவினை மேலும் இறுகியது. 1937இல் இத்தாலியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையிலான இல்வாழ்க்கையே குற்றமாக்கப்பட்டது. 1938இல் விட்டோரியோ காஃபியெரோ தீட்டிய புதிய திட்டமும் அதே பிளவை வரைபடத்தில் அழுத்தமாக வரைந்தது. கல் சுமந்து, சாந்து குழைத்து, சாரம் கட்டி இக்கட்டடங்களை எழுப்பிய எரித்திரியத் தொழிலாளர், வேலை முடிந்ததும் வடக்கே அபா ஷவுல் என்னும் நெரிசல் மிகுந்த குடியிருப்புக்குத் திரும்பினர். அங்கே சாலை வசதியோ வடிகாலோ தெற்கில் இருந்ததைப் போல் அமையவில்லை. யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பாரம்பரிய எல்லைக்குள், கலைஞர்கள் வரைந்த பகுதிகளோடு, யாரும் திட்டமிடாமல் தானாக வளர்ந்த அபா ஷவுலும் பழைய அர்பாத்தே அஸ்மெராவும் சேர்க்கப்பட்டிருப்பது மிகச் சரியான முடிவு. அவற்றை விட்டுவிட்டிருந்தால் பட்டியலில் ஏறியிருப்பது இத்தாலியரின் நகரமாக இருந்திருக்கும், அஸ்மாராவாக இருந்திருக்காது.

உள்ளூர்க் கட்டட மரபு நவீனத்துவத்துக்குள் நுழைந்த இடங்களும் உண்டு. 1938இல் எர்னெஸ்டோ காலோ புதுக்கிக் கட்டிய எண்டா மரியம் ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தில், எரித்திரிய, எத்தியோப்பிய மேட்டு நிலங்களின் மிகப் பழைய கட்டுமுறையொன்று எடுத்தாளப்பட்டிருக்கிறது. கல் சுவரின் இடையிடையே மரச் சட்டங்களைக் கிடத்தி, அவற்றைக் குறுக்கே பிணைக்கும் கட்டைகளின் முனைகள் சுவருக்கு வெளியே துருத்தி நிற்குமாறு விடுவது அம்முறை. 'குரங்குத் தலைகள்' என்று வழங்கும் இம்முனைகள் அக்சும் பேரரசு காலத்திலிருந்தே அப்பகுதிக் கட்டடங்களுக்கு அடையாளம். அதே ஆண்டில் குயிடோ ஃபெராட்ஸா வடிவமைத்த குலஃபா அல் ராஷிதீன் பெரிய பள்ளிவாசலின் மினார், நெடுகப் பள்ளவரிகள் ஓடும் ரோமானியத் தூணைப் போல் எழுந்து, பால்கனிகளோடு இஸ்லாமிய மரபில் முடிகிறது. கத்தோலிக்கப் பேராலயம், ஆர்த்தடாக்ஸ் பேராலயம், பள்ளிவாசல் மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்தே செல்லும் தூரத்தில் இருக்கின்றன.

1941இல் கெரன் மலைக்கணவாயில் வாரக்கணக்கில் நீடித்த கடும் போருக்குப் பின் பிரிட்டிஷ் தரப்பு எரித்திரியாவைக் கைப்பற்றியது. அப்போரில் முன்னணியில் நின்றவை இந்தியாவின் நான்காம், ஐந்தாம் டிவிஷன்கள் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. ஏப்ரல் 1ஆம் நாள் அஸ்மாரா வீழ்ந்தபோது நகருக்குள் பெரும் அழிவு நேரவில்லை. 1952இல் எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சி, 1961இல் தொடங்கி முப்பதாண்டு நீண்ட ஆயுதப் போராட்டம், அதற்கிடையே 1962இல் முழு இணைப்பு எனக் காலம் கடந்து, 1991இல் விடுதலைப் படை நகருக்குள் நுழைந்த வேளையிலும் கட்டடங்கள் தப்பின. போரும் வறுமையும் தனிமையும் புதிதாகக் கட்ட முதலில்லாத நிலையை உண்டாக்கியதால், பழையதை இடிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. இதை வெறும் நற்பேறு என்று சொல்லிவிட முடியாது. 1993இல் நாடு விடுதலை பெற்றபின் மையப் பகுதியில் புதுக் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கியபோது, எரித்திரிய அறிஞர்களும் நகராட்சியினரும் முனைந்து 2001இல் வரலாற்று எல்லை ஒன்றை வரையறுத்து அதற்குள் புதுக்கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தினர். தங்களை ஒதுக்கிவைத்த ஆட்சி விட்டுச்சென்ற தெருக்களை, தாங்களே கட்டியவை என்னும் உரிமையோடு காத்தனர். அண்மை ஆண்டுகளில் கால வரையறையற்ற தேசியச் சேவைக்கு அஞ்சி ஏராளமான இளைஞர் நாட்டைவிட்டு வெளியேறியிருப்பதும், பல முகப்புகளில் பூச்சு உதிர்ந்து கிடப்பதும் இந்தக் காவலின் இன்னொரு பக்கம்.

அஸ்மாராவுக்குச் செல்ல விரும்புவோர் விசாவை முன்கூட்டியே பெற வேண்டும். தலைநகருக்கு வெளியே மஸாவாவுக்கோ கெரனுக்கோ போவதற்குத் தனி அனுமதிச் சீட்டு தேவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை மிகுதியாதலால் அக்டோபருக்குப் பிந்தைய மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. உயரம் காரணமாக முதல் நாளில் மூச்சு வாங்கும். படியேற்றத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. காலையில் ஃபியட் டாலியேரோவையும், மாலையில் ஹார்னெட் அவென்யூவையும் பார்ப்பது பொருத்தம். பொழுது சாயும் நேரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் அத்தெருவில் உலாவுவதும், கபேக்களின் முன் அமர்ந்து மக்கியாட்டோ அருந்துவதும், ஒரு காலத்தில் தங்களுக்கு மறுக்கப்பட்ட தெருவில் அவர்கள் கொண்டாடும் இயல்பான உரிமை.

இவ்வளவும் முடிந்தபின் சந்தைப் பகுதிக்கு அருகிலுள்ள மெதேபருக்குப் போக ஒரு முற்பகலாவது ஒதுக்க வேண்டும். முன்பு வணிகக் கூட்டங்கள் சுமை இறக்கித் தங்கிய சாவடியாக இருந்த அந்த முற்றத்தில், பழைய எண்ணெய் பீப்பாய்களையும் தகரங்களையும் தேய்ந்த டயர்களையும் வெட்டி, தட்டி, வளைத்து அடுப்பு, பெட்டி, கருவி, செருப்பு எனப் புதுப் பொருள்களாக மாற்றும் பட்டறைகள் நெருக்கமாக இயங்குகின்றன. சுத்தியல் ஓசை காதை அடைக்கும். படம் எடுப்பதற்கு முன் பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கிருந்து வடக்கே நடந்தால், அபா ஷவுலின் குறுகிய சந்துகள் தொடங்குகின்றன.