ஜே சில்வர்ஹீல்ஸ்

ஜே சில்வர்ஹீல்ஸ் (26 மே 1912 – 5 மார்ச் 1980) கனடாவில் பிறந்த மோஹாக் இனத்து நடிகர். லக்ரோஸ் விளையாட்டு வீரர். ‘த லோன் ரேஞ்சர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் (1949–1957) நாயகனின் தோழன் டோன்டோவாக நடித்துப் புகழ்பெற்றார்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கதைக்களமாகக் கொண்ட வெஸ்டர்ன் படங்களைத் தமிழில் கௌபாய் படங்கள் என்கிறோம். அவற்றில் வரும் முக்கியமான பூர்வகுடி வேடங்களில் அக்காலத்தில் பெரும்பாலும் வெள்ளையின நடிகர்களே தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு நடித்தனர். அந்தச் சூழலில், பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் வாரந்தோறும் வீடுகளின் தொலைக்காட்சித் திரையில் தோன்றியது புதுமை. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அதே வேடம் அவரது நடிப்புக்கு எல்லையாகவும் அமைந்தது. அவருடைய திரைவாழ்வைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிறப்பும் இளமையும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ‘ஆறு தேசங்கள்’ என்னும் பூர்வகுடிக் குடியிருப்பில் சில்வர்ஹீல்ஸ் பிறந்தார். இயற்பெயர் ஹெரால்ட் ஸ்மித். தந்தை கனடியப் படையில் அதிகாரியாக இருந்து முதல் உலகப்போரில் பங்கேற்றவர்.

முனையில் வலைப்பை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் லக்ரோஸ், அவர் பிறந்த மக்களின் பாரம்பரிய விளையாட்டு. 1930-களில் அதன் உள்ளரங்க வடிவம் கனடாவிலும் அமெரிக்காவிலும் பரவியபோது, டொராண்டோ, பஃபலோ, ராச்செஸ்டர் நகர அணிகளுக்காக அவர் ஆடினார். ‘வெள்ளிக் குதிகால்’ எனப் பொருள்படும் சில்வர்ஹீல்ஸ் என்ற பெயர் அவரது ஓட்ட வேகத்தைக் குறித்து வந்த பட்டப்பெயர் என்பர். குத்துச்சண்டையிலும் தேர்ந்திருந்தார், 1938-ஆம் ஆண்டு ‘கோல்டன் கிளவ்ஸ்’ போட்டியில் நடுத்தர எடைப் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார்.

திரையுலக நுழைவு

லக்ரோஸ் அணியுடன் லாஸ் ஏஞ்சலஸ் சென்றிருந்தபோது நகைச்சுவை நடிகர் ஜோ இ. பிரவுன் அவரைக் கண்டு, திரைப்படத்தில் முயலுமாறு ஊக்குவித்தார். துணை நடிகராகவும் சண்டைக் காட்சிக் கலைஞராகவும் தொடங்கிய சில்வர்ஹீல்ஸுக்குப் பல ஆண்டுகள் பெயரில்லாத சிறு வேடங்களே கிடைத்தன. ‘கேப்டன் ஃப்ரம் கஸ்டீல்’ (1947), ‘கீ லார்கோ’ (1948) ஆகிய படங்களில் ஓரளவு கவனிக்கத்தக்க வேடங்கள் அமைந்தன.

1950-இல் வெளிவந்த ‘புரோக்கன் ஏரோ’ பூர்வகுடியினரைப் பரிவோடு காட்டிய படம் என்று பாராட்டப்பட்டது. அதில் அமைதி உடன்படிக்கையை ஏற்காமல் பிரிந்து செல்லும் ஜெரோனிமோவாகச் சில்வர்ஹீல்ஸ் நடித்தார். ஆனால் முதன்மையான அப்பாச்சி தலைவர் கொச்சீஸ் வேடம் ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளையின நடிகருக்கே போனது. அவர் அதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். பரிவு காட்டிய படத்திலேயே நிலைமை இப்படி என்றால், மற்றப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டோன்டோ

‘லோன் ரேஞ்சர்’ கதை 1933-இல் டெட்ராய்ட் நகர வானொலியில் தொடங்கியது. தனியாகத் திரியும் நாயகன் பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால்தான் டோன்டோ பாத்திரம் சேர்க்கப்பட்டது. வானொலியில் அதற்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளையினக் கலைஞர். அதாவது, நாயகன் சொல்வதைக் கேட்டுக்கொள்வதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம் அது.

1949-இல் ஏபிசி நிறுவனம் இதைத் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. முகமூடி நாயகனாகக் கிளேட்டன் மூரும் டோன்டோவாகச் சில்வர்ஹீல்ஸும் நடித்தனர். இடையில் 1952-இல் மூருக்குப் பதிலாக ஜான் ஹார்ட் நாயகனாக வந்தார். பிறகு மூர் திரும்பினார். டோன்டோ மட்டும் மாறவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்தன. 1956-லும் 1958-லும் வந்த இரண்டு திரைப்படங்களிலும் இருவரும் இணைந்து நடித்தனர்.

கதையின் தொடக்கமே டோன்டோவின் செயலில்தான் இருக்கிறது. கொள்ளையர் சுட்டதில் குற்றுயிராய்க் கிடந்த காவல்வீரனைக் கண்டெடுத்துப் பிழைக்க வைப்பவன் அவனே. குதிரையேற்றமும் சண்டையும் சில்வர்ஹீல்ஸுக்கு இயல்பாக வந்தன. வசனம் குறைந்த இடங்களில் நிமிர்ந்த நடையாலும் அமைதியான பார்வையாலும் அப்பாத்திரத்துக்குக் கண்ணியம் சேர்த்தார்.

விமர்சனங்கள்

டோன்டோ பேசும் ஆங்கிலம் கொச்சையானது. ‘நான்’ வரவேண்டிய இடத்தில் ‘என்னை’ என்று சொல்வது போன்ற உடைந்த பேச்சு அது. சில்வர்ஹீல்ஸோ ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசியவர். எழுதித் தந்த வசனத்தையே அவர் பேச வேண்டியிருந்தது. ஸ்பானிய மொழியில் ‘டோன்டோ’ என்பதற்கு ‘முட்டாள்’ என்று பொருள் என்பதும் பின்னாளில் சுட்டிக்காட்டப்பட்டது. வெள்ளையனுக்குப் பணிந்து நடக்கும் பூர்வகுடி என்ற படிமத்தை இத்தொடர் நிலைநிறுத்தியது என்பது முக்கியமான குற்றச்சாட்டு.

தொடர் முடிந்த பிறகும் இந்த அடையாளம் அவரை விடவில்லை. ‘வேகன் டிரெய்ன்’ போன்ற தொடர்களில் கௌரவ வேடங்களும், ‘ட்ரூ கிரிட்’ (1969), ‘சான்டீ’ (1973) முதலிய படங்களில் சிறு வேடங்களும் கிடைத்தன. ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் வேலை தேடி வந்த டோன்டோவாகத் தோன்றி, தன்னைச் சிறைப்படுத்திய வேடத்தைத் தானே கேலி செய்தார்.

நடிகர் பயிற்சிப் பட்டறை

1960-களில் லாஸ் ஏஞ்சலசில் பூர்வகுடி நடிகர்களுக்கான பயிற்சிப் பட்டறையை நிறுவ முன்னின்றது அவரது வாழ்வின் முக்கியமான பணி. பூர்வகுடி வேடங்களுக்குத் தகுந்த பூர்வகுடி நடிகர்கள் இல்லை என்பது பட நிறுவனங்கள் வழக்கமாகச் சொன்ன காரணம். பயிற்சி பெற்றவர்களை உருவாக்கிவிட்டால் அந்தக் காரணம் செல்லாது. வசனம் உச்சரிக்கவும் கேமரா முன் நிற்கவும் அங்கு கற்பிக்கப்பட்டது. டோன்டோவால் கிடைத்த புகழை, இன்னொருவர் டோன்டோவாகவே முடங்கிவிடாமல் இருக்க அவர் பயன்படுத்தினார்.

இறுதிக்காலமும் சிறப்புகளும்

பிற்காலத்தில் குதிரைவண்டிப் பந்தயங்களில் ஈடுபட்ட சில்வர்ஹீல்ஸ், பக்கவாதத்தால் நலம் குன்றினார். 1979-இல் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 67-ஆம் வயதில், கலிபோர்னியாவில் காலமானார். அவரது அஸ்தி பிறந்த மண்ணான ஆறு தேசங்கள் குடியிருப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1997-இல் கனடாவின் லக்ரோஸ் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

2013-இல் ‘லோன் ரேஞ்சர்’ மீண்டும் திரைப்படமானபோது டோன்டோவாக நடித்தவர் ஜானி டெப். அந்தத் தேர்வு பரவலான விவாதத்துக்கு உள்ளானது. பூர்வகுடி வேடம் யாருக்கு உரியது என்பதே அவ்விவாதத்தின் மையக் கேள்வி. சில்வர்ஹீல்ஸ் பட்டறை தொடங்கியதும் அதே கேள்விக்காகத்தான்.