தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு

அகன்ற ரயர் பூட்டிய ‘கிறவல்’ சைக்கிள் மேல்நாடுகளிற் பிரபலமாகிவிட்டது. ரயரிற் காற்றைச் சற்றுக் குறைத்தோட்டினால் சரளைக்கற்கள் உடலை அதிகம் உலுக்குவதில்லை. இத்தகைய வண்டியை வாங்கிவைத்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரை வீதியையே சுற்றிவரும் வாலிபர்க்கு, கடல், காடு, மலை மூன்றையும் காட்டும் வழியொன்று நம் நாட்டிலேயே உண்டு.

தலைமன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை ஊடாக மாத்தளை சேரும் அவ்வழி ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தமிழர், மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காட்டினூடாகக் கால்நடையாகவே மலைநாடு சேர்ந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களுக்குக் கல்லறை ஏது? மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு கூட்டத்தார், அவ்வழியே நடந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர்.

சைக்கிளுக்கு நான்கைந்து நாள் போதும். பிரதான வீதி தார் வீதியே. குளக்கட்டுகளை அண்டிய கிறவல் பாதைகளில் இடையிடையே இறங்கலாம். பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். காட்டு யானை சைக்கிள் மணிக்கு விலகாது!

மேலும் மலையேற விரும்புவோர்க்கு, கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை ஏறக்குறைய 300 கிலோமீற்றர் நீளும் ‘பீக்கோ’ நடைபாதை உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கென வெட்டப்பட்ட பாதைகள் அவை. வெட்டிய கைகள் எவருடையவை என்பதை மாத்தளை வழியே வந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.