இறங்கத் தெரிந்தால்தான் தாவலாம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பின் மலையடிவாரத்தில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் சாம்பல் நிற மலை அணில் கண்ணில் படலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த அணிலுக்காகவே 1988-இல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி.

இந்த அணில் தரைக்கு வருவது அரிது. மரத்துக்கு மரம் தாவித்தான் இரை, துணை, கூடு எல்லாம். மடங்கிய பின்னங்கால்கள் சட்டென்று நிமிர்ந்து உடலை உந்துகின்றன. உடல் நீளத்துக்கு இருக்கும் வால் நடுவானில் சமநிலையைக் காக்கிறது. ஆனால் மெல்லிய கிளை நுனியில் நின்று உந்தினால் கிளை வளைந்து, உந்துவிசையில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

அமெரிக்காவின் நரி அணில்களை ஆராய்ந்த பெர்க்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தாவுமிடத்தைத் தேர்வதில் இடைவெளியின் தூரத்தைவிடக் கிளை எவ்வளவு வளையும் என்பதையே அவை பெரிதாகக் கணக்கிடுகின்றன என்று 2021-இல் கண்டார்கள். கிளையில் இறங்கும்போது வேகத்தின் ஆற்றலில் சுமார் 86 விழுக்காட்டை முன்னங்கால்களே வாங்கிக்கொள்கின்றன என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மனிதருக்கு அந்த வேலை முழுவதும் பின்னங்கால்களுக்கு, அதாவது நம் இரு கால்களுக்கு. 50 செ.மீ. உயரத்திலிருந்து குதிப்பவர், பாதம் பட்டபின் உடலை 5 செ.மீ. மட்டுமே தாழ்த்தி நின்றால் கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல் 11 மடங்கு. முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 25 செ.மீ. தாழ்ந்தால் அதுவே 3 மடங்கு. நிற்பதற்குள் உடல் தாழும் தூரம் கூடக்கூட விசை குறையும். இறங்கும் கலையின் அடிப்படை இவ்வளவுதான்.

நீளம் தாண்டுதலில் 2023-இல் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரினுக்கு மணல் குழி கைகொடுக்கிறது. வாலிபால், கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கோ கீழே இருப்பது கட்டாந்தரை அல்லது சிமெண்டு. காலை விறைப்பாக ஊன்றுவதும், முழங்கால் உள்பக்கம் சாய்வதும் ஏசிஎல் என்னும் முழங்கால் ஜவ்வு கிழிய வழிசெய்யும்.

உடற்கல்வி ஆசிரியர்களே, உயரம் தாண்டச் சொல்லுமுன் சத்தமில்லாமல் இறங்கச் சொல்லிக்கொடுங்கள்: முன்பாதம் முதலில், முழங்கால் பாதத்துக்கு நேராக, இடுப்பு பின்னால். தாழ்ந்த படியிலிருந்து இதைச் சரியாகச் செய்யும் பிள்ளைக்கு மட்டும் அடுத்த உயரத்தைக் கொடுங்கள்.