ஊர்ச் செய்தியில் வரும் குறைகள்: அதில் தொழில் வாய்ப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐப்பசி பிறந்தால் டெல்டா மாவட்டப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்தது, ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பிவிட்டார்கள், விவசாயிகள் வேதனை. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது அதே செய்தி மறுபடி வரும், ஊர்ப் பெயர்தான் மாறியிருக்கும். படித்து, உச்சுக்கொட்டி, பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம்.

ஆனால் 'மாதம் ஒரு லட்சம் லாபம்' என்று ஒரு செய்தி வந்தால் வெட்டிப் பத்திரப்படுத்துகிறோம். உண்மையில் தொழில் தேடுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். லாபச் செய்தி நம் கைக்கு வரும்போது அந்தத் தொழிலில் நிறையப் பேர் இறங்கியிருப்பார்கள். 2012ல் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டு ஏமாந்தவர்களை ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம். அவர்களில் பலர் நம்பியது ஆசை காட்டும் விளம்பரங்களைத்தான். ஈமு கறியை வாங்கச் சந்தையில் ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. குறைச் செய்தியில் அந்தச் சிக்கல் குறைவு. தேவையுள்ள ஆள் பெயரோடும் ஊரோடும் அதிலேயே இருக்கிறார்.

குறைகளைத் தேட நல்ல இடம், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். மறுநாள் பேப்பரில் அரைப் பக்கம் வரும். வாய்க்கால் தூர்வாரவில்லை, பயிர்க் காப்பீட்டுத் தொகை வரவில்லை, அறுவடை இயந்திரம் கிடைக்கவில்லை, காட்டுப்பன்றி தொல்லை என்று ஒரு வரிசை இருக்கும். இதில் தூர்வாருவதும் காப்பீடும் அரசு செய்ய வேண்டியவை, அதில் நமக்கு வேலை இல்லை. மீதியை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வருடமாக அதே மாதத்தில் அதே குறை வருகிறதா என்று பாருங்கள். பழைய செய்திகள் செல்போனிலேயே கிடைக்கின்றன. ஒரு முறை வந்து போன குறையை நம்பி முதல் போடக்கூடாது.

நெல் ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். கொள்முதலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 17 சதவீதம். மழை வருடங்களில் மத்திய அரசு தளர்வு தருவதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை வாங்க அனுமதி வந்தது. ஆனால் தளர்வு வரும்வரை நெல் காத்திருக்காது, முளைத்துவிடும்.

நெல் 21 சதவீதத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 17க்குக் கொண்டுவர ஒரு டன்னில் சுமார் 48 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். 40 கிலோ மூட்டைக் கணக்கில் 25 மூட்டை, 24க்கும் சற்றுக் கீழே இறங்கும். அந்த எடைக் குறைவு போக, விவசாயி நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைக்க ஆள் கூலி, மறுபடி அள்ள கூலி, இரவுக் காவல், படுதா வாடகை என்று ஏற்கெனவே செலவு செய்துகொண்டிருக்கிறார். பொறுமை போனால் வியாபாரிக்குக் குறைத்துக் கொடுத்துவிடுகிறார். வியாபாரி மூட்டைக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். உங்கள் சேவைக்கு விவசாயி அதற்குமேல் தரமாட்டார்.

உடனே உலர்த்தும் இயந்திரம் வாங்க வங்கிக்கு ஓட வேண்டாம். இந்தக் குறைக்குள் சின்ன வேலைகளும் இருக்கின்றன. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டு, நெல்லை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வயலுக்கே போய்ப் பார்த்துச் சொல்லலாம். 20 இருந்தால் கொள்முதல் நிலையத்துக்குப் போய்த் திரும்பும் வண்டி வாடகை மிச்சம். மேல், நடு, அடி என்று பல இடத்தில் நெல் எடுத்துக் கலந்து பாருங்கள். உங்கள் மீட்டரும் கொள்முதல் நிலைய மீட்டரும் ஒரே அளவு காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரே மாதிரி நெல்லை இரண்டிலும் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால்தான் நீங்கள் சொல்வதற்கு மதிப்பு. அதோடு படுதா வாடகை, நெல் கிளறிவிட ஆள் சேர்த்துத் தருவது என்று விரிக்கலாம்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, வேலை நாள் குறைவு. 4,000 ரூபாய் வீதம் பத்து படுதா வாங்கினால் முதல் 40,000. நாள் வாடகை 100 என்று வைத்தால், வருடத்தில் 50 நாளும் பத்தும் வெளியே போனால் 50,000 வரும். பாதிதான் போனது என்றால் 25,000. மழை வந்தால் எல்லோரும் ஒரே நாளில் கேட்பார்கள், வெயில் அடித்தால் ஒருவரும் வரமாட்டார். இது உதாரணக் கணக்குதான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். உளுந்து, மக்காச்சோளம், நிலக்கடலை காயவைக்கவும் அதே படுதா போகுமா என்பதில்தான் லாபம் இருக்கிறது. இரண்டாவது சிக்கல் கடன். 'நெல் பணம் ஏறினதும் தர்றேன்' என்பார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை, உண்மையிலேயே கையில் இருக்காது. அதுவரை உங்கள் டீசலுக்கும் ஆள் கூலிக்கும் பணம் இருக்கவேண்டும்.

எல்லாக் குறையும் வாய்ப்பு ஆகிவிடாது. தக்காளி விலை சரிந்து சாலையில் கொட்டும் படம் வந்ததும் பலருக்கு 'சாஸ் கம்பெனி போடலாமே' என்று தோன்றும். தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். நூறு கிலோவைக் காயவைத்தால் ஏழு கிலோ மிஞ்சுவதே அரிது. விலை சரிந்திருக்கும் சில வாரங்களுக்குக் கணக்கு இனிக்கும். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது ஆலைக்குச் சரக்கு எங்கிருந்து வரும்? வங்கித் தவணை மட்டும் மாதாமாதம் வரும். மலிவாகக் கிடைக்கிறது என்பது வேறு, வருடம் முழுவதும் கிடைக்கிறது என்பது வேறு.

வைக்கோல் கதை இதற்கு நேர்மாறு. அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தது, இயந்திர அறுவடை பரவியது. அதனால் வைக்கோல் வயலில் சிதறிக் கிடந்து மழையில் அழுகியது. இன்னொரு பக்கம் கோடையில் தீவனத் தட்டுப்பாடு என்ற செய்தி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் டிராக்டரில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பூட்டி, கட்டுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டினார்கள். கெட்டுப்போகாத சரக்கு, வாங்க மாட்டுக்காரர்கள், வருடம்தோறும் அறுவடை என எல்லாம் பொருந்தியது. இன்று புதிதாக இதில் இறங்குகிறவர்கள், சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை இயந்திரம் ஓடுகிறது என்று எண்ணிவிட்டு இறங்கவேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இயந்திரம் வாங்கி, கொட்டகையில் நிறுத்தியிருப்பவர்கள் உங்கள் ஒன்றியத்திலேயே இருக்கலாம். அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள், விற்பனையாளர் சொல்லாததெல்லாம் தெரியவரும்.

நோட்டில் ஒரு குறை தேறிவிட்டதென்றால், முதல் போடுவதற்கு முன் அந்தக் குறை உள்ள பத்துப் பேரை நேரில் பாருங்கள். 'இப்படி ஒன்று செய்தால் நன்றாக இருக்குமா?' என்று கேட்டால் பத்துப் பேரும் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள், நம் ஊர் வழக்கம் அது. போன வருடம் இதற்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பிறகு வரும் அறுவடைக்கு நூறோ இருநூறோ முன்பணம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேராவது கொடுத்தால் மீட்டர் வாங்கலாம். ஒருவரும் கொடுக்கவில்லையா, நோட்டில் அடுத்த குறையைப் பாருங்கள்.